பின் இருக்கையின் பெல்ட்டுகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறொன்ரோவில் எங்கள் ஆட்கள் கார் வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. ஜப்பான் கார், நாலு கதவு, கொஞ்சம் வசதி வந்தால் வான். விமான நிலையத்தில் வந்து இறங்கும் சொந்தக்காரரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்ற இடம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. என் கணவர் வாங்கியது இரண்டே கதவு வைத்த, பாதி உடம்பு எஞ்சினாக இருந்த ஒரு பழைய அமெரிக்கக் கார். அந்த வகையை மசில் கார் என்று சொல்வார்கள். அதை ஸ்டார்ட் செய்தால் டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடமே அதிரும். யார் வெளிக்கிடுகிறார்கள் என்று மேல் மாடிகளுக்கும் தெரிந்துவிடும். நான் பஸ்ஸில் போகப் பழகிக்கொண்டேன்.

வெட்கத்துக்குக் கார் மட்டும் காரணம் இல்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தரம் வயிற்றில் வந்து இரண்டு தரமும் இல்லாமல் போனது. முதலாவது மூன்றாம் மாதத்தில், இரண்டாவது ஏழாம் மாதம் தொடங்கும்போது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் ஒன்றும் கேட்கவில்லை. காரை வாங்கினார். ஒரு கலியாண வீட்டில் எனக்குப் பின் வரிசையில் இருந்த ஒருத்தி, "பிள்ளை வளக்கிற வயசிலை கார் வளக்கினம்" என்று மற்றவளுக்குச் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு அவளில் கோபம் வரவில்லை. அவளுக்கு முதலே நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தரிப்பிடத்தில் கார் திருத்தக் கூடாது என்பது கட்டடத்துச் சட்டம். ஆகையால் அந்தக் குளிர்காலம் முழுவதும் காரின் உட்புறம் துண்டு துண்டாக லிஃப்டில் எங்கள் வீட்டுக்கு வந்தது. பின் இருக்கையை நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றபோது, மூன்றாம் மாடி அன்ரி உள்ளே ஏறினார். இருக்கையை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுச் சோபா செற்றியோ?"

"இல்லை அன்ரி, கார் சீற்."

"ஓ," என்றார். அந்த ஓவுக்குள் எல்லாம் இருந்தது. அவர் இறங்கும்வரை நான் லிஃப்டின் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் கணவருக்கு எல்லாம் தொழிற்சாலையில் போட்டது போட்டபடி இருக்க வேண்டும். புதுச் சீற் உறை வாங்கலாம், புது பெல்ட் வாங்கலாம், ஆனால் அவர் கேட்க மாட்டார். உறை யானைத்தந்த நிறத்து ரெக்சின். தையல் விட்டிருந்த இடங்களை நான்தான் தைத்தேன். பழைய ஊசித் துளைகளுக்குள்ளேயே ஊசி போக வேண்டும் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பார். சுருங்கின ரெக்சினை என்னுடைய தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி இழுத்துச் சட்டத்தில் கொளுவினார். தலை முழுகிவிட்டு ஈர மயிரோடு நான் காத்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

பெல்ட்டுகளில் முன் இரண்டும் வியர்வையால் கறுத்திருந்தன. கடும் சவர்க்காரம் போட்டால் நூல் கெடும் என்று எங்கோ விசாரித்து, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ வாங்கி வந்தார். அதுவும் எங்கள் தமிழ்க் கடையில். அடுத்த கிழமை நான் கறிவேப்பிலை வாங்கப் போனபோது காசு வாங்கும் பெண் முகம் மலர்ந்து கேட்டாள்.

"அக்கா, விசேஷமோ?"

கறிவேப்பிலையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால், குளியலறைத் திரைக் கம்பியில் பெல்ட்டுகள் நிரையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அன்று நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பின் பெல்ட்டுகள் இருக்கைக்கு அடியில் போய்ச் சொருகிக் கிடந்தவை. ஒருவரும் ஒரு நாளும் போடாததால் தொழிற்சாலை தைத்த லேபிள் சீட்டுக்கூட மங்காமல் இருந்தது. மடிக்கு மேலே மட்டும் போடுகிற பழைய வகை. முன் பெல்ட்டுகளை விட அவற்றோடுதான் அவர் கூட மினக்கெட்டார். கொளுக்கிகளைக் கழற்றி, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அழுத்தினால் டக்கென்று விடுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பின்னுக்கு ஆர் இருக்கிறதுக்கு உந்தப் பாடு?" என்று கேட்டேன். குத்தத்தான் கேட்டேன்.

"இருக்கிறது இருக்கிற மாதிரி இருக்கட்டும்," என்றார்.

கோடை வந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். கார் பழையது என்றாலும் எங்களுக்கு அன்றுதான் புதிது. நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் முன் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உள்ளே ஒன்றும் பூச வேண்டாம் என்று என் கணவர் வாசலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் தட்டு என் கையில் இருந்தது. முன் இருக்கையை மடித்துக் குனிந்து, பின் இருக்கையின் நடுவில், இரண்டு பெல்ட்டுக்கும் இடையில், ஒரு பெரிய பொட்டு வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். எதைக் கேட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. அவர் அதைப் பார்த்தார், ஏசவில்லை. வெயிலில் நின்ற கார், ஈரச் சந்தனம். வீட்டுக்கு வந்து ஷாம்பூ போட்டுத் துடைத்தார். சந்தனம் போனது, குங்குமத்தின் சிவப்பு மட்டும் ரெக்சினில் ஊறிவிட்டது. ஒரு பெல்ட்டின் ஓரத்திலும் ஏறியிருந்தது.

பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவின் தரிப்பிடத்தில் பழைய கார்களுக்குப் போட்டி நடந்தது. என்னையும் வரச் சொன்னார். சுற்றிவர வெள்ளைக்காரர், மடக்குக் கதிரைகள், குளிர்பானம். சேலை கட்டிக்கொண்டு போன ஒரே ஆள் நான். நடுவர் ஒரு வயதான மனிதர். கையில் சின்ன டோர்ச்சோடு காருக்குள் அரைவாசி நுழைந்து பார்த்தார். தையலைப் பார்த்து மெச்சினார். பின் பெல்ட்டின் சீட்டைப் பார்த்து விசிலடித்தார். பிறகு வெளிச்சம் அந்தச் சிவப்பில் போய் நின்றது.

"இது என்ன, கறையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குக் காது சுட்டது. நான் வைத்த பொட்டு, நான் கெடுத்த இருக்கை. அதைவிட, இவர் என்ன விளக்கம் சொல்லப் போகிறார் என்ற பயம். எங்கள் கோயிலையும் என்னையும் சேர்த்து ஒரு பகிடியாக்கிவிடுவாரோ என்று நினைத்தேன்.

"பிள்ளைகளுடைய வேலை," என்றார் என் கணவர்.

நடுவர் சிரித்தார். தன் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் என்றார். "உங்களுக்கு எத்தனை?"

"இரண்டு. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து."

ஒரு தயக்கமும் இல்லை. நடுவர் என் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்தும் தலையாட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தாய் சிரிக்கிற மாதிரித்தான் சிரித்திருக்க வேண்டும். நிலம் பிளந்தால் அந்த இடத்திலேயே போயிருப்பேன். ஆனால் மனம் தன்பாட்டில் கணக்குப் பார்த்தது. தங்கியிருந்தால் ஒன்றுக்கு எட்டு, மற்றதுக்கு ஐந்து. வயது சரியாக இருந்தது. அந்தக் கணக்கை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

பரிசு வேறு யாருக்கோ போனது. திரும்பி வரும்போது கென்னடி வீதியில் வாகன நெரிசல். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கேட்டேன்.

"மூத்தது மூண்டு மாசத்திலை போனது. பெட்டை எண்டு நினைச்சியளோ?"

"ஓம். அப்பிடித்தான் நினைச்சனான்."

"மற்றது பெடியன் எண்டும் நினைச்சதோ?"

அவர் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"அது நினைச்சதில்லை. நீர் மயக்கத்திலை கிடக்கேக்கை நேர்ஸ் பிள்ளையைக் கொண்டுவந்து தந்தவ. நான் கொஞ்ச நேரம் தூக்கி வைச்சிருந்தனான். உம்மட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

ஐந்து வருடம் இந்த மனிதனை நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.