டக் என்று ஒரு சத்தம்

எங்கள் தெருவில் என் கணவருக்குப் பெயர் பாம்புக்காது. கார் ஸ்டார்ட்டர் ரிப்பேர் பார்ப்பவர். சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கேட்பார். சடசடவென்று அடித்தால் பேட்டரி. ஒரே ஒரு 'டக்' என்றால் ஸ்டார்ட்டர். ஒன்றுமே இல்லையென்றால் வயர். பானெட்டைத் திறக்கும் முன்பே கோளாறைச் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காதை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஒரு மாதமாக எனக்கு ஒரு சந்தேகம். குக்கர் விசில் அடித்தால் இவர் திரும்புவதில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் பதில் கிடையாது. கேட்டால், "உன் தொணதொணப்புக்கு எந்தக் காதுடி தாங்கும்?" என்று மழுப்புவார். நானும் சிரித்துவைப்பேன். பிறகு அடுப்படியில் தனியாக நின்று பயப்படுவேன்.

அன்று காலை எதிர்வீட்டு டீச்சரம்மாவின் கார் கிளம்பவில்லை. ஒன்பதரைக்கு அவர் பரீட்சை ஹாலில் இருந்தாக வேண்டும். இவர் போய் நின்று, "சாவியத் திருப்புங்கம்மா" என்றார்.

டக். எங்கள் வாசலில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

"சத்தமே இல்லையே. வயருதான்" என்றார் இவர். டீச்சரம்மாவை இறங்கச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

சொன்னால் இவர் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் நல்ல வயரைப் பிய்த்துப் போட்டுவிடுவார், அப்போதும் பெயர் போய்விடும். தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அதற்குள் டீச்சரம்மா, கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "டக்குன்னு ஒண்ணு கேட்டுச்சேண்ணே?" என்று இவர் காதருகே உரக்கக் கேட்டார்.

இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அவருக்குத் தெரியும் டீச்சர். முதல்ல வயரப் பாத்துட்டுத்தான் ஸ்டார்ட்டர்ல கை வைப்பாரு" என்றேன். பச்சைப் பொய். இவர் எழுந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையைக் கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

பானெட்டைத் திறந்து, "ஏறி இன்னொரு தடவ போடுங்க" என்றார். டக். டீச்சரம்மாவுக்குத் தெரியாமல் ஒரு விரலைக் காட்டினேன். சுத்தியல் பிடியால் ஸ்டார்ட்டரின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அடுத்த திருப்பலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"உள்ள கார்பன் தேஞ்சிருக்கு. சாயங்காலம் விடுங்க, மாத்திடறேன்."

கார் போனதும் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எத்தன தடவ வந்துச்சு?"

"ரெண்டு. ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒண்ணு."

"எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலடி."

எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. "எத்தன நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஒரு வருஷமா! அப்புறம் எப்படி எல்லா வண்டிக்கும் கரெக்டா சொன்னீங்க?"

"சடசடன்னா எனக்கே கேக்கும். மத்ததுக்குச் சாவி போடறவங்க மூஞ்சியப் பாப்பேன். டக்குன்னா நெத்தியச் சுருக்குவாங்க. சத்தமே வரலன்னா என்னைப் பாப்பாங்க." உள்ளங்கை கிரீஸைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு அந்தம்மா மணியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மூஞ்சில ஒண்ணுமே தெரியல."