சூ ஜே நம்பாத கதை

முதல் பழத்தைச் சூ ஜே தானே கடிக்கிறார். இரண்டாவது பழத்தை மதுபாரில் நிற்கும் ஆள் கடிக்க வேண்டும். அந்த ஆள் கண்ணை இடுக்கி முகம் சுளிக்கும்வரை பையின் காதைச் சூ ஜே விடுவதில்லை.

"புளிக்குதா? வாயத் தொறந்து சொல்லு. சும்மா தலையாட்டிட்டு, நாளைக்கு நான் ஆட்டவே இல்லன்னு சொல்லுவ."

புளிக்கிறது என்று வாயால் சொன்ன பிறகுதான் மூன்று கிலோ கஸ்தூரி எலுமிச்சை மேசைக்கு ஏறும். அடுத்து, வாசனைக்குப் போடும் பாண்டான் இலைக்கட்டு. அதை அவிழ்த்து நடுவிலிருந்து ஓர் இலையை உருவி, கசக்கி, அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டுவார். கடைசியாக இஞ்சிப்பூ. அதை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார். தொட்டுக் கசங்கிய பூவைத் தன் தலையில் கட்டிவிடுவார்களாம்.

லியோங் வாய் சூ என்பது முழுப்பெயர். அறுபத்து மூன்று வயது. 'ஜே' என்றால் அக்கா. சந்தில் உள்ள எல்லாருக்கும் அவர் அக்காதான். ஆண்கள் போடும் அரைக்கைச் சட்டை, அதில் இரண்டு பைகள், இரண்டு பைகளின் வாயிலும் ஊக்கு. தள்ளுவண்டியை ஒரு நிமிடம் நிறுத்தினாலும் சக்கரத்தில் சங்கிலி போட்டுத் தண்ணீர்க் குழாயோடு பூட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பூட்டிய பிறகு இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார்.

சீனர் கடைவீதியான பெட்டாலிங் தெருவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் இப்போது ஏழு பார்கள். ஏழுக்கும் பழமை வேடம். ஒன்று பொம்மைக் கடை மாதிரி இருக்கும். அலமாரியைத் தள்ளினால் பின்னால் பார் தெரியும். இன்னொன்று பல் டாக்டர் கிளினிக், மருந்துக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பார்கள். மற்றொன்று முடிதிருத்தும் கடை. எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. கதவு எங்கே என்று கண்டுபிடிப்பதே வாடிக்கையாளருக்கு ஒரு விளையாட்டு. சூ ஜேவுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது.

"கதவ மறைக்கிறவன் வேற என்னத்தையெல்லாம் மறைப்பான்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். "அப்புறம், அங்க பல் டாக்டர் எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல. குடை ரிப்பேர் பாக்குற ஆள் இருந்தான். அவனுக்கே முன்பல் ரெண்டு கெடையாது."

என் அச்சகம் சந்தின் முனையில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையும் ரசீதுப் புத்தகமும் அடித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது சோறு போடுவது இந்தப் பார்கள்தான். அவர்களுடைய பானப் பட்டியல்களைப் பழைய செய்தித்தாள் மாதிரி, சினிமா டிக்கெட் மாதிரி, மருந்துச் சீட்டு மாதிரி அடித்துத் தருகிறேன். அடித்த தாளைக் கெட்டித் தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் கொடியில் காயப்போட்டால் ஒரே நாளில் எழுபது வயது ஏறிவிடும். முதல் தடவை அதைப் பார்த்த சூ ஜே கொடிக்கு அடியில் வெகுநேரம் நின்றார்.

"அண்ணே, புதுத் தாளுக்கு எதுக்கு டீ குடுக்குற?"

"பழசாத் தெரியணும் ஜே."

"யாருக்கு?"

அன்றிலிருந்து நான் டீ போட்டுக் கொடுத்தால், முதலில் என்னை ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் குடிப்பார். டாக்டர் கொடுத்த மாத்திரையை இரண்டு மருந்துக் கடைகளில் காட்டிக் கேட்பார். ஒரே கேள்வியை மூன்று நாள் இடைவெளியில் மூன்று விதமாகக் கேட்டு, பதில் மாறுகிறதா என்று பார்ப்பார். நாங்கள் பேசுவது சந்தைக்கடை மலாயில்தான். ஆனால் 'பொய்' என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் யாரிடமோ கற்று வைத்திருக்கிறார். அதைச் சீனர் வாயால் அவர் 'போய்' என்று சொல்லும்போது, எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருக்கும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் நடுச்சந்தின் மாடி ஒன்றில் ரேமண்ட் சாய் ஒரு பார் திறந்தான். ஈப்போக்காரன், முப்பத்து நாலு வயது, பேச்சில் பணிவு அதிகம். பாரின் பெயர் 'லில்லி'. அந்தக் காலத்து நடனக்கூடம் மாதிரி சிவப்பு விளக்கு, வெல்வெட் திரை. அங்கேயும் சூ ஜேதான் எலுமிச்சை போட்டார், ஆனால் படியேறியதே இல்லை. கீழேயே நின்று ஆளைக் கூப்பிட்டுப் பழத்தைக் கடிக்கச் சொல்லுவார். முழங்கால் வலி போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எத்தனை தடவை கூப்பிட்டும் கீழே யாரும் வரவில்லை. பழத்தைக் கடிக்க ஆளில்லாமல் வைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வருமா? ஏறிவிட்டார். கால்மணி நேரத்தில் என் அச்சகத்துக்கு வந்தார். வண்டி பூட்டாமல் தெருவில் நின்றது. கையில், அந்தப் பாருக்கு நான் அடித்துக்கொடுத்த பட்டியல் அட்டை.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. வாசி."

வாசித்து மலாயில் சொன்னேன். 1957. இந்த மாடியில்தான் பாடகி லில்லி ஃபோங் வாழ்ந்தாள். கப்பலேறிப் போன வெள்ளைக்கார அதிகாரியின் கடிதத்துக்காக இந்த ஜன்னலருகே காத்திருந்தாள். கடிதம் வரவே இல்லை. அவள் கண்ணீரின் நினைவாக எங்கள் முதல் பானம். சூ ஜே அட்டையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு எழுதினது?"

"ரேமண்ட்."

"அடிச்சது?"

"நான்தான்."

"அந்த மாடில யாரு இருந்தாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது ஜே."

"யார்கிட்டயாவது கேட்டியா?"

கேட்கவில்லை. அவரே சொன்னார். பணக்கார வீடுகளில் சமைத்து, பிள்ளை வளர்த்த ஆறு பெண்கள் சேர்ந்து அந்த மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். லீவு நாளில் வந்து படுக்க அவர்களுக்கென்று ஓர் இடம். ஆறு பேரும் சீனாவில் சாமி முன்னால் தலைமுடியைச் சாகும்வரை அவிழ்க்கக்கூடாத கொண்டையாக முடிந்து, கல்யாணமே செய்துகொள்ளமாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஆ குவாய் என்பவர், பிறந்து பதினோரு நாளான ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார். அந்தக் குழந்தைதான் சூ ஜே. பதினைந்து வருடமாக அவரை எனக்குத் தெரியும். இது தெரியாது.

"மேல செவுத்துல லில்லின்னு ஒரு படம் மாட்டியிருக்கான். அது எங்கம்மா."

"நல்லாப் பாத்தீங்களா ஜே? பழைய படம், வெளிச்சம் வேற கம்மி..."

"நானா? நான் பாக்காமச் சொல்லுவேனா? எடது காதுச் சோணை கிழிஞ்சிருக்கும். வேலை பார்த்த வீட்டுக் கொழந்த தோட்டப் புடிச்சு இழுத்தது. படத்துலயும் கிழிஞ்சிருக்கு." அட்டையை என் மேசையில் அடித்தார். "ஆம்பளைக்காக அழுதாளாம்! அவ எந்த ஆம்பளைக்கும் ஒரு கப் டீ ஊத்தினதில்ல!"

மறுநாள் வந்தார். அந்தப் படம் ரேமண்ட் கைக்கு எப்படிப் போனது என்று கேட்டார். அதற்கு மறுநாள் வந்து, நான்தான் எடுத்துக் கொடுத்தேனா என்று கேட்டார். மூன்றாம் நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று கேட்டார்.

"அண்ணே, அவ கப்பல்ல வந்து எறங்கும்போதே தலையில கொண்ட. அப்ப வயசு பதினெட்டு. படத்துல இருக்கிறவளுக்கு முப்பது இருக்கும். சுருட்ட முடி. ஒதட்டுச் சாயம். ஒடம்ப ஒட்டித் தச்ச பூப்போட்ட கவுன். கொண்ட எங்க போச்சு?"

அன்றைக்கு டீயை நான் குடித்துக் காட்டாமலே குடித்தார். கவனிக்கவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு பேருமாக மாடிக்குப் போனோம். பகல் வெளிச்சத்தில் அந்தப் பார் பார்க்கச் சகிக்காது. வெல்வெட் திரையில் தூசி, தரையில் பினாயில் வாடை. ரேமண்ட் ஓடிவந்து நாற்காலி போட்டான்.

"உக்காருங்க ஆன்ட்டி. சத்தியமா எனக்குத் தெரியாது. பழைய பொருள் விக்கிறவர்கிட்ட ஒரு பிஸ்கட் டின் வாங்கினேன். உள்ள நாப்பது அம்பது படம். இது அழகா இருந்துச்சு, எடுத்து மாட்டினேன்."

சூ ஜே உட்காரவில்லை. என் பக்கம் சாய்ந்து, "ரொம்ப மரியாதையாப் பேசுறான். என்னமோ இருக்கு" என்றார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அது சீக்கிரமே வெளியே வந்தது. ரேமண்ட் முன்னால் குனிந்து சொன்னான்: "ஆன்ட்டி, லில்லியத் தூக்கிப் போட்டுடுறேன். உங்கம்மா கதையையே போடுவோம். ஆறு பொம்பளைங்க, சத்தியம், கொண்ட. யாருகிட்டயும் இந்தக் கதை கெடையாது. நீங்க வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் இங்க வந்து உக்காந்தாப் போதும். உண்மைதான் இப்ப நல்லா ஓடுது."

"எங்கம்மா பேருல என்ன கலக்குவ?"

"என்ன ஆன்ட்டி?"

"கேக்குறேன்ல? ஜின்னா, ரம்மா?"

அவன் கண் பாட்டில் அலமாரிக்குப் போய் வந்தது. ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. சுவரிலிருந்து படத்தைக் கழற்றிவந்து, "படத்த எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்றான். உண்மையாகவே சொன்னான் என்றுதான் எனக்குப் பட்டது. சூ ஜேவுக்கு எப்படிப் பட்டதோ தெரியாது.

மரச்சட்டம் அவன் புதிதாக வாங்கியது. படம் மட்டும்தான் பழசு. கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி அட்டையை எடுத்தான். படத்தின் முதுகில் நீல மசியில் மேலிருந்து கீழாக நாலு வரி சீன எழுத்து இருந்தது. அவன் கண் தானாகவே ஓடியது.

"ஆன்ட்டி, பின்னால யாருக்கோ எழுதியிருக்கு. 'அன்புள்ள...'"

சூ ஜேவின் உள்ளங்கை படத்தின் மேல் பட்டென்று விழுந்தது. ரேமண்ட் பின்னால் நகர்ந்துவிட்டான்.

"எவ்வளவு படிச்ச?"

"ரெண்டு எழுத்துதான் ஆன்ட்டி."

"அதுக்கப்புறம்?"

"இல்ல ஆன்ட்டி. அதுக்குள்ள நீங்க கைய வெச்சிட்டீங்க."

வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தை முகம் மேலே இருக்கும்படி திருப்பி, சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு படியிறங்கினார். அவருக்குச் சீனம் நன்றாகப் படிக்க வரும். ஆ குவாய் ஆறு வருடம் சீனப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்திருக்கிறார்.

ஒரு மாதம் ஓடியது. சூ ஜே வழக்கம்போலச் சந்துக்கு வந்தார், பழம் கடித்தார், கடிக்க வைத்தார். ரேமண்டின் பாருக்கும் எலுமிச்சை போனது, படிக்குக் கீழேயே. படத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ரேமண்டிடமிருந்து புதிய அட்டைக்கு ஆர்டர் வந்தது. லில்லி ஃபோங் அப்படியே இருந்தாள். வெள்ளைக்கார அதிகாரியும் இருந்தான். முகம் மட்டும் வேறு. அதே பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்த இன்னொரு பெண். அவள் யார், யாருடைய அம்மா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ரேமண்டிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியாது என்றான். அடித்துக் கொடுத்தேன். தேயிலைத் தண்ணீரிலும் நனைத்தேன்.

தாள்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மதியம் சூ ஜே உள்ளே வந்தார். புது முகத்தை அண்ணாந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டைக்குள்ளிருந்து ஒரு துவாலையை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். அம்மாவின் படம்.

"பழுப்புத் தாள் இருக்கா? கெட்டியா. பசையும் குடு."

"எதுக்கு ஜே?"

"பின்னால ஒட்டணும். நான் செத்தா என் சாமானெல்லாம் எவன் கைக்குப் போகுமோ. மறுபடி டின்னு, மறுபடி செவுரு. எவனாவது திருப்பிப் பாப்பான். படிப்பான். அதையும் பாட்டில்ல ஊத்தி விப்பான்."

தாளை வெட்டிக் கொடுத்தேன். பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் அவர் பக்கம் நகர்த்தினேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"நீங்க படிச்சீங்களா ஜே?"

"இல்ல."

"ஒரு மாசமா வீட்டுல இருந்துச்சே?"

"இருந்துச்சு. திருப்பல." தூரிகையை எடுத்து, மயிர் உதிர்கிறதா என்று விரலால் நிமிண்டிப் பார்த்தார். "ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு அண்ணே. அவ ஒருத்திதான் பாக்கி."

படத்தைக் கவிழ்த்தார். கவிழ்க்கும்போதே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். தூரிகை தடவித் தடவி ஓரத்தைத் தேடியது. இரண்டு இடத்தில் மேசையிலும் பசை பட்டது. பழுப்புத் தாளை வைத்து, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் தேடிப் பிடித்து அழுத்தினார். ஈரம் ஏற ஏறத் தாள் மெலிந்து, அடியில் நீல வரிகள் நாலும் மங்கலாக மேலே எழுந்து வந்தன. எனக்குச் சீனம் தெரியாது, இருந்தாலும் சொன்னேன்.

"எழுத்து தெரியுது ஜே."

அவர் திரும்பவில்லை. கையை விரித்து, பசை ஒட்டிய விரல்களோடு அந்த வரிகளின் மேல் வைத்து மூடினார். தாள் காய்ந்து முடியும்வரை அப்படியே தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.