கண்ணாடி மாதிரி ஒரு வயல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வெண்டை வயலில் கால் வைக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"சார்... சார்! அங்க மிதிக்காதீங்க! வரப்பு மேலயே வாங்க!"

கத்தியவர் அருள்தாஸ். மரக்காணம் உப்பளத் தொழிலாளி. ஈசிஆரில் என் கார் பஞ்சராகி, நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தானாக வந்து ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்தவர். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போனால் அவர் வீட்டில் எனக்கு ஒரு டீ உண்டு. அப்படிப்பட்ட மனிதர் என்னைப் பார்த்துக் கத்துகிறார்!

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. இந்த மனிதருக்குத் தொழிலே மண்ணை மிதிப்பதுதான்.

உப்பளத்தில் பாத்தி கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மழை முடிந்து தை பிறந்ததும் ஆரம்பிப்பார்கள். களிமண்ணை ஈரமாக்கி, ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று மிதி மிதியென்று மிதிப்பார்கள். அப்புறம் பலகையால் தட்டித் தட்டிக் கெட்டியாக்குவார்கள். எதற்கு? விடுகிற உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கக் கூடாது. மேலேயே நின்று, வெயிலில் காய்ந்து, உப்பாக வேண்டும். இறங்கிவிட்டால் அத்தனை பேர் உழைப்பும் வீண்.

தாஸ் இதில் கில்லாடி. அவர் மனைவி ராணிக்கும் கல்யாணம் ஆனதிலிருந்து அதே வேலைதான். ஆனால் ராணிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதமெல்லாம் வெடிப்பு. கண்ணில் ஓயாத எரிச்சல். ஊருக்கு மேற்கே சும்மா கிடந்த நிலத்தில் ஒரு துண்டை, "பயிர் வெச்சுப் பாரும்மா" என்று ராணியின் அண்ணன் கொடுத்தபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"வெண்டை வந்துச்சுன்னா நான் உப்பளத்துக்குப் போக மாட்டேன் சார். வரலேன்னா, தை மாசம் மறுபடியும் உப்புத் தண்ணிதான்."

இவ்வளவு பெரிய விஷயத்தில் தாஸ் என்ன செய்தார் தெரியுமா? புரட்டாசியில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, உழுத நிலத்தில் தண்ணீர் விட்டு, மிதித்து, பலகையால் தட்டி... வயலைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார்! உப்பளத்து நண்பர்கள் வந்து பார்த்து சபாஷ் போட்டார்களாம். ராணிக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவரும் ஒரு பலகையை எடுத்துச் சேர்ந்துதான் தட்டியிருக்கிறார்.

விதை ஊன்றினார்கள். போர் தண்ணீர் பாய்ச்சினார்கள். தண்ணீர் நின்றது... நின்றது... நின்றுகொண்டே இருந்தது. ஒரு வழியாகக் காய்ந்தபோது மேலே ஓடு கட்டிவிட்டது. அதை முட்டிக்கொண்டு வெளியே வர எந்த முளைக்கும் தெம்பில்லை.

ராணி புருஷனைப் பார்த்துக் கேட்டார்: "ஏன்யா, நாம வெண்டை போட்டோமா, உப்பு போட்டோமா?"

நாம் எப்போதுமே நன்றாகத் தெரிந்த வேலையில்தான் பெரிய தப்பாகச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். தெரியாத வேலை என்றால்தான் யாரையாவது கேட்போமே!

"மண்ணுல உப்பு ஏறியிருக்குது. மழை வந்தா கழுவிட்டுப் போயிடும்" என்று தாஸ் சமாதானம் சொன்னார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். மழை வந்தது. உப்பும் கழுவிக்கொண்டு போனது. ஆனால் மண் முன்னைவிட மோசம்! வயல் முழுக்க டீ மாதிரி கலங்கல், தெளியவே இல்லை.

அதன்பிறகுதான் இருவரும் ஒரு மண்ணாங்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனார்கள். அங்கிருந்த மேடம் அதை ஒரு டம்ளர் மழைத் தண்ணீரில் மெதுவாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கட்டியைச் சுற்றிப் புகை கிளம்பின மாதிரி கலங்கியது.

"களிமண் துகளெல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு இருக்கணும். அப்பதான் நடுவுல தண்ணி இறங்கும், வேர் போகும். உங்க மண்ணுல சோடியம் ஜாஸ்தி. உப்பு இருந்தவரைக்கும் கொஞ்சம் சேர்ந்து இருந்துச்சு. மழைத் தண்ணி அதைக் கழுவினதும் எல்லாம் பிரிஞ்சு, இருக்கிற சந்துபொந்தையெல்லாம் அடைச்சிடுச்சு. போதாததுக்கு நீங்க வேற மிதிச்சிருக்கீங்க!"

வைத்தியம்? ஜிப்சம். மேடம் ஒரு வெள்ளைத் தூளைக் கலங்கல் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மண் அடியில் உட்கார்ந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கிறது.

ராணி அந்தத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தாராம்.

"மேடம், எங்க பாத்தியில உப்பு விளையறதுக்கு முன்னாடி வெள்ளையா ஒரு பொருக்கு படியும். அது மாதிரியே இருக்குதே?"

"அதேதாம்மா. அதுவும் ஜிப்சம்தான்."

உப்போடு சேர்ந்தால் உப்பு கெட்டுவிடும் என்று அதை வருஷா வருஷம் சுரண்டி வரப்போரம் கொட்டியது இவர்கள் இரண்டு பேரும்தான்! "உப்பு ஒட்டியிருக்கும், டெஸ்ட் பண்ணாம போட்டுடாதீங்க" என்றார் மேடம். டெஸ்ட் செய்தார்கள். பழைய குவியல்கள் மழையில் நன்றாகக் கழுவுண்டு கிடந்தன. உப்பள முதலாளியிடம் கேட்டு அள்ளி வந்து, ஐப்பசி மழையிலேயே தொழுவுரத்தோடு வயலில் இறைத்தார்கள். இந்தத் தடவை பலகை வீட்டிலேயே இருந்தது. கார்த்திகைக் கடைசியில் மறுபடியும் விதை.

ஞாயிறன்று நான் பார்த்தபோது செடிகள் இடுப்புக்குக் கீழே நின்றன. மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. ஒரு மூலை மட்டும் இன்னும் வழுக்கை. "அது அடுத்த மழைக்குச் சரியாயிடும்" என்றார் தாஸ். சரியாகும் என்றுதான் எனக்கும் படுகிறது.

அப்போது ராணியின் போன் அடித்தது. உப்பள மேஸ்திரி. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா ராணி, திங்கக்கிழமை பாத்தி மிதிக்கிறோம். ரெண்டு பேரும் வந்துடுங்க."

தாஸ் தரையைப் பார்த்தார். நான் ராணியைப் பார்த்தேன்.

"அவர் வருவாருண்ணே. நான் வரல."

"ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எனக்கு இங்க வேலை இருக்குதுண்ணே."

செடியில் இன்னும் ஒரு வெண்டைக்காய்கூடக் காய்க்கவில்லை. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.