கடல் எந்தப் பக்கம்

காலேஜில் படித்த நாளில் என் அத்தை பேஸ்கட்பால் ஆடுகிறாள் என்றால், பார்ப்பதற்கென்றே பக்கத்துக் காலேஜ்களிலிருந்து கூட்டம் வருமாம். இது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்த அத்தை, திருவொற்றியூரில் என் பள்ளிக்கூடத்துப் பி.டி. மிஸ். கழுத்தில் விசில், இடுப்பில் செருகிய முந்தானை, வாயைத் திறந்தால் திட்டு. வீட்டில் மீன்குழம்பில் எனக்கென்று நல்ல துண்டாகத் தேடிப் போடுகிறவள், கோர்ட்டில் என்னைத்தான் எல்லோரையும்விட அதிகமாக ஓடவிடுவாள். பெரியவர்களானால் ஆட்டம் தன்னால் நின்றுவிடும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் கோர்ட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். அங்கே இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. "கடல் பக்கம் ஓடு", "ரோட்டுப் பக்கம் தள்ளு" என்றுதான் அத்தை கத்துவாள். சாயங்காலக் கடல்காற்று பந்தைத் தள்ளிவிடும் என்பதால், எறியும்போது கூடையை விட்டு ஒரு சாண் கடல் பக்கமாகக் குறிவைக்கப் பழக்கியிருந்தாள். அந்த வித்தை தெரியாமல் எங்களிடம் வந்து ஆடிய பள்ளிகளெல்லாம் மண்ணைக் கவ்வின. எங்களுக்கோ தலைகால் புரியவில்லை.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, நான் ஒன்பதாவது படித்த வருஷம், மாவட்ட இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டோம். ஹார்பரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரே போடாகப் போட்டார்.

"ஜெயிச்சியா, ஆடு. தோத்தியா, அத்தோட மூட்ட கட்டு. வயசுப் பொண்ணு அரை டவுசர் மாட்டிகினு ஊர் ஊரா சுத்துனது போதும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது எனக்கு?

ஆட்டம் நகரத்து நடுவே ஓர் இன்டோர் ஸ்டேடியத்தில். மரத் தரை, நாலு பக்கமும் சுவர், மேலே கூரை. பேருக்குக்கூடக் காற்று இல்லை. நாங்கள் எறிந்த பந்தெல்லாம் கூடைக்கு ஒரு சாண் தள்ளியே போய் விழுந்தது. பொறுக்க முடியாமல் அத்தை பெஞ்சிலிருந்து எழுந்து, "கடல் பக்கம் ஓடுடீ!" என்று கத்தினாள். அவ்வளவுதான். ஐந்து பேரும் அப்படியே நின்று, கடல் எந்தப் பக்கம் என்று சுவர் சுவராகப் பார்த்தோம். நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தேன். எதிர் டீம் பெண் அதைத் தட்டிக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். கேலரியே சிரித்தது.

இடைவேளையில் செமத்தியாக வாங்கப்போகிறோம் என்று தலையைக் குனிந்து நின்றோம்.

"உங்க மேல தப்பு இல்லடி. எல்லாம் நான் குட்த்த பழக்கம்," என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளே சிரித்தும்விட்டாள். மீதி ஆட்டத்தில் அடித்துப் பிடித்து நெருங்கினோம். ஆனாலும் தோற்றுப்போனோம்.

பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். வாசலிலேயே அப்பா, "இன்னா, ஆச்சா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து நின்றாள்.

"தோத்தது அவ இல்லண்ணா, நானு. அவ ஆடட்டும்."

"நீ குறுக்க பேசாத. சொன்னா சொன்னதுதான்."

"காலேஜ் முடிச்சப்ப என்னை ஸ்டேட் டீமுக்குக் கூப்ட்டாங்க. நீ போவக் கூடாதுன்ன. ஒரு வார்த்த எதுத்துப் பேசுனனா? எனக்காகப் பேசல. இவளுக்காகப் பேசுவேன்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டார். என் ஆட்டம் இத்தோடு முடிந்தது என்று மூலையில் போய் உட்கார்ந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தவர் கையில் ரெண்டு ஷூ பெட்டி. ஒன்று எனக்கு. இன்னொன்று அத்தைக்கு. குதித்துப் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். எங்கப்பா மனசு தங்கம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆட்டத்தால் கிடைத்த வேலையில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறேன். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் நான் கும்பிட வேண்டியது அத்தையைத்தான். அதெல்லாம் அன்றைக்கு எங்கே தெரிந்தது!

அத்தை பெட்டியைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்ற ஷூவை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரே பேஜாராகப் போய்விட்டது. அவள் தோளைத் தொட்டுச் சொன்னேன்:

"அழாத அத்த. சைஸ் பத்தலன்னா இன்னா இப்போ? பொட்டிலயே பில்லு கீது, கடைல மாத்திக்கலாம்."