சரோஜா அக்காவின் கெண்டை

சரோஜா அக்கா போய்விட்டார்.

நேற்று சாயங்காலம் கடையிலேயே நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் இப்போது அந்த ஊருக்கு, மார்டள்ளிக்கு, பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்... கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

மைசூரில் தூண்டில் போடுகிறவர்களில் அக்காவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜ மொஹல்லாவில் ஒரு சின்னக் கடை. தூண்டில் முள், நரம்பு, ராடு, ரீல் எல்லாம் அங்கே கிடைக்கும்.

மழை வந்தால் மட்டும் கிடைக்காது. அக்கா ஷட்டரை இறக்கிவிட்டு ஏரிக்குப் போயிருப்பார்!

நாம் அவசரமாக முள் வாங்க ஓடுகிற நேரமே அதுதான். "யாவாரம் நடக்கற நேரத்துல கடையைச் சாத்தறீங்களே அக்கா" என்று சண்டையே போட்டிருக்கிறேன்.

"மீனு கடிக்கற நேரத்துல நான் இங்க குந்திட்டு இருக்கோணுமா? நீ வெயில்ல வந்து வாங்கிக்க கண்ணு. போ, போ."

எல்லா மழைக்கும் ஷட்டர் இறங்காது. அடித்து ஊற்றினால் அசைய மாட்டார், தண்ணீர் சில்லிட்டு மீன் அடியில் போய்ப் படுத்துவிடும் என்பார். புழுக்கமான மதியத்துக்குப் பிறகு சிணுசிணு என்று தூறல் ஆரம்பித்தால் போதும்... டமால் என்று ஷட்டர் விழும்.

அந்தத் தெரு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் எங்கள் சுவாமி உடனே வாட்ஸாப் குரூப்பில் "ஷட்டர் டவுன், எந்த ஏரி?" என்று போடுவான். எங்களுக்கு வானிலை அறிக்கை அவ்வளவுதான். ஆபீஸில் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

அடக்கமா? அக்காவிடமா? சரியான ஜம்பம்! "இந்த ஜில்லாவுல மழைத்தண்ணில கெண்டை பிடிக்க என்னை விட்டா ஆளு யாரு? சொல்லு பாக்கலாம்" என்று ஏரிக்கரையில் நின்று சத்தமாகவே கேட்பார்.

 உண்மையும் அதுதான்.

நாங்கள் எல்லாம் நனையக் கூடாது என்று மரத்தடியில், ஆழத்தில் போடுவோம். வெயில் காலம் முழுக்க கைகொடுத்த ராகி முத்தே என்கிற களி உருண்டையையே மழையிலும் உருட்டிக்கொண்டு இருப்போம், அது கரைந்து கரைந்து போகும். அக்கா வாய்க்கால் ஏரியில் வந்து விழுகிற இடத்துக்கு நனைந்துகொண்டே போவார். செந்தண்ணீரும் தெளிந்த தண்ணீரும் சேர்கிற அந்தக் கோட்டில் மண்புழுவைப் போடுவார்.

"மழைத்தண்ணி புழுவைத்தானே அடிச்சுட்டு வருது? மீனு வாசல்ல வந்து சாப்பாட்டுக்கு நிக்குது. நீங்க கொல்லைப்பக்கம் முத்தே உருட்டிட்டு இருக்கீங்க!"

அந்த வாசலில்தான் சில வருஷத்துக்கு முன்னால் அந்தக் கெண்டையும் மாட்டியது. அக்கா பல வருஷமாகத் துரத்திக்கொண்டிருந்த கெண்டை. முதுகு ஒரு தடவை மேலே வந்ததைப் பார்த்தேன். அம்மாடி!

ராடு வில்லாக வளைந்துவிட்டது. நான் பக்கத்தில் கைவலையோடு நின்றேன். மற்றவர்கள் கரை மேல் வரிசையாக, கையில் மின்னலை இழுக்கிற கார்பன் ராடைப் பிடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறார்கள். அப்போது இடி. ஏரிக்கு மேலேயே.

"ராடைக் கீழ போட்டுட்டு ஓடுங்கடா!" என்று அக்கா கத்தினார். யார் கேட்டார்கள்?

"சும்னிரு அக்கா, சும்மா இரு, ஒந்து நிமிஷ... நீ மொதல்ல மீனை ஏத்து!" என்றான் சுவாமி. அடுத்த இடி இன்னும் கிட்டத்தில்.

அக்கா கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துத் தூண்டில் நரம்பை அறுத்தார்.

"அடச்சே! அத்துக்கிச்சு! போச்சு, வாங்கடா போலாம்!"

வேடிக்கை முடிந்தது. அத்தனை பேரும் ராடை மடக்கிவிட்டு டீக்கடைக்கு ஓடினோம்.

இடி எங்கேயும் விழவில்லை. மழையும் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. "மீனு அக்காவை ஏமாத்திடுச்சு" என்று அன்றைக்கு எல்லோரும் ஓட்டினார்கள். அக்கா டீயைக் குடித்துக்கொண்டு சிரித்தார்.

என்னிடம் மட்டும் மெதுவாக, "இடிக்குப் பயந்து மீனை விட்டேன்னு வெளிய சொன்னே... உனக்கு ஒரு முள்ளுகூடக் குடுக்க மாட்டேன்."

சொல்லவில்லை அக்கா. இன்றுவரை சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். மீன் அறுத்துக்கொண்டு போகவில்லை. எங்களுக்காக அவரே அறுத்தார். இந்த ஊரில் இப்படி ஒரு தூண்டில்காரி எங்கள் குரூப்பில் இருந்தார் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அந்தக் கெண்டை அப்புறம் அக்காவின் பேச்சில் வருஷா வருஷம் வளர்ந்தது. முதலில் முழங்கை நீளம். பிறகு அக்காவின் இடுப்பு உயரம். போன மழைக்கு, "சுவாமி ஆட்டோவுல ஏத்தினா வால் வெளிய நிக்கும்" என்றார்.

இப்போது பஸ் ஹனூர் தாண்டுகிறது. மைசூரில் தூறல் போலிருக்கிறது. விஷயம் தெரியாத யாரோ ஒருவர் குரூப்பில் போட்டிருக்கிறார்:

"அக்கா கடை ஷட்டர் டவுன். எந்த ஏரி?"

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். 

போய் வாங்க அக்கா. நான் பார்த்தேன். வால் வெளியேதான் நின்றிருக்கும்.