சர்க்கரைக் கிண்ணத்தின் முத்திரை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து பீடி பற்றவைக்கப் போய்விடுகிற ஆள். இப்போதும் அப்படித்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலத்தில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், துரை பங்களாவில் வேலை பார்த்தேன். துரைசானிக்குப் பழைய கண்ணாடிச் சாமான் என்றால் உயிர். அச்சில் அழுத்திச் செய்த சர்க்கரைக் கிண்ணம் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் அடியில் நகம் அளவுக்கு ஒரு வைர வடிவக் கட்டம், மூலைகளில் எழுத்தும் எண்ணும். அதை வைத்து, அந்தக் கிண்ணத்தின் வடிவத்தை யார், எந்த வருடம் பதிவு செய்தார்கள் என்று சீமையில் கண்டுபிடித்துவிடுவார்களாம். அந்தக் கட்டத்தைப் படி எடுப்பது என் வேலை. நான் இடக்கைக்காரன். வலக்கையால் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் மெல்லிய காகிதத்தை விரித்து, இடக்கையால் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் கட்டம் காகிதத்தில் எழும்பும்.

முதல் படி கோணலாகிவிட்டது. நேராக வந்த அடுத்ததைத் துரைசானி அன்றே சீமைக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். நல்ல காகிதமாயிற்றே, புகையிலை மடிக்க உதவும் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதுதான் தப்பு. மறுநாள் காலை பக்கத்து டவுன் பிரிஞ்சாங்குக்குச் சாமான் வாங்கக் கிளம்பியவனைத் தோட்டத்துக் கேட்டில் சோதித்தார்கள். போலீஸ் சார்ஜன் அந்தோணி அந்தக் காகிதத்தை விரித்தார்.

"என்னய்யா இது? காட்டுல இருக்கறவனுங்களுக்குச் சேதியா?"

"கிண்ணம்ங்க" என்றேன். நாலு பேர் முன்னால் எனக்கு அதற்கு மேல் நாக்கு எழும்பாது.

"கிண்ணமா? நல்லாக் கதை விடுற லா. கேம்ப்ல போட்டு விசாரிச்சு, ஊருக்குக் கப்பலேத்திடுவாங்க, தெரியுமில்ல?"

தோட்டத்து லயத்து வீட்டில் என் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள்.

துரையும் துரைசானியும் மலைக்குக் கீழே தாப்பாவுக்குப் போயிருந்தார்கள். சார்ஜன் என்னைப் பங்களாவுக்குக் கூட்டிவந்து கிண்ணத்தைக் காட்டச் சொன்னார். விளிம்பில் சில்லு பெயர்ந்த அதே கிண்ணம். கவிழ்த்தேன். அடி வழுவழுவென்று இருந்தது. நேற்றுத் தேய்த்த கட்டம் அங்கே இல்லை. அவரும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தோடு என்னையும் கண்ணாடிச் சாமான் அறைக்குள் தள்ளி, வெளியே பூட்டிவிட்டுக் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

கை நீட்ட இடமில்லாத அறை. சுற்றிலும் கண்ணாடித் தட்டுகள். நான் அசைந்தால் அவை கிணுகிணுத்தன, உடனே வெளியிலிருந்து "என்னடா அங்க?" என்று குரல் வந்தது. ஜன்னல் கம்பி வரை மூடுபனி வந்து நின்றது. தேயிலைச் சரிவும் தெரியவில்லை, லயமும் தெரியவில்லை. வலது கட்டைவிரலால் கிண்ணத்தின் அடியைத் தடவினேன், விரல் எரிகிற வரை தடவிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் துரைசானி வந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நேத்து இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"ரிப்போர்ட் போயாச்சுங்க, லாரி வந்துட்டிருக்கு. அத்தாட்சி இல்லாம விட முடியாதுங்க" என்றார் சார்ஜன்.

துரைசானி என்னிடம் காகிதத்தை நீட்டினார். "கண்ணுக்குத் தெரியாது. பென்சிலுக்குத் தெரியும். எடு."

கிண்ணம் நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். கட்டம் எழும்பியது, நான்கு மூலைகளும் எழுத்தோடும் எண்ணோடும், பழைய படியில் இருந்தது போலவே. சார்ஜன் இரண்டு காகிதங்களையும் விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"தேஞ்சு போயிருக்கு போல. சரி, வீட்டுக்குப் போ லா."

அவர்கள் பார்க்காதது ஒன்று உண்டு. பாதி தேய்த்த பிறகுதான் நானே கவனித்தேன். காகிதத்துக்கு அடியில் அப்போது இருந்தது கண்ணாடி அல்ல, கிண்ணத்தை இறுக்கியதில் அங்கே ஏறியிருந்த என் வலது கட்டைவிரல்.

பல வருடம் கழித்துப் புதிய அடையாளக் கார்டு எடுக்கப் போனேன். அதில் கட்டைவிரல் ரேகை பதிக்கும்போது ஆபீஸ் கிராணி மூன்று முறை என் விரலைத் துடைக்கச் சொன்னார். "நடுவுல ஏதோ கட்டம் விழுதுங்க" என்று அலுத்துக்கொண்டு, கடைசியில் அப்படியே ஒட்டிவிட்டார். விரலை உற்றுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இன்றைக்கும் யாராவது கார்டைக் கேட்டால், ரேகை இருக்கும் இடத்தை அதே கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டுகிறேன்.