வால்யூம் பூஜ்ஜியத்தில் வாசித்த பிள்ளை

சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பியானோவும் ஸ்வரப் பாட்டும் சொல்லிக்கொடுப்பது மிகச் சுலபமான தொழில், பிள்ளைகள் மட்டும் அப்பா அம்மா இல்லாமல் பிறந்திருந்தால்.

அபாகஸ், இந்தி, பரதநாட்டியம், கையெழுத்துப் பயிற்சி என்று வீட்டு ஹாலில் பாய் விரித்துப் பிழைக்கிற என் சகபாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும். விழுப்புரத்தில் பாண்டி ரோட்டை ஒட்டிய சந்தில் என் வீடு. ஹாலில் ஒரு பழைய பியானோ நிற்கிறது. கல்யாணச் சீராகக் கட்டிலும் பீரோவும் வேண்டாம், இதுதான் வேண்டும் என்று சாப்பிடாமல் கிடந்து அப்பாவிடம் வாங்கியது. வருகிறவர்கள் அதன் மேல் ஹெல்மெட்டை வைப்பார்கள். நான் எடுத்துத் தரையில் வைப்பேன். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறித் திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் கிளாஸில் ஒரே சட்டம்: வாய் பாடாததை விரல் தொடக் கூடாது. டோ ரே மி ஃபா ஸோ லா டி என்பது நம்ம சரிகமபதநி மாதிரிதான், வெள்ளைக்காரன் ஊர் ஸ்வரம். முதலில் அதைப் பாடு, உன் காதில் விழட்டும், அப்புறம் கட்டையைத் தொடு. இந்தச் சட்டம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெற்றவர்களுக்குத்தான் வேப்பங்காய். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கைகள் வந்து போயின. காது என்று சொல்லும்படி எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளையைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாட்டையும், நடுவில் மற்றவர்கள் என்னைப் படுத்திய பாட்டையும் கேளுங்கள்.

காதுகுத்துக் கச்சேரி

கெடாரிலிருந்து ஓர் அம்மா தன் மகன் தருணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு ஐந்து வயது. "வர்ற வெள்ளிக்கிழமை இவனுக்குக் காதுகுத்து மிஸ். ரெண்டே ரெண்டு பாட்டு வாசிக்கணும். மொட்ட போட்டு, சந்தனம் தடவி உக்கார வெச்சிட்டா ஆடாம உக்காந்துக்குவான்" என்றார். ஒரு வாரத்தில் முதுகை நேராக வைத்து உட்காரச் சொல்லித்தருகிறேன், அடுத்த வாரம் டோ எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன் என்றேன். எடை குறைத்துப் போட்ட காய்கறிக்காரியைப் பார்ப்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையனைச் சேர்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரெல்லாம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் தருண். மொட்டைத் தலை, ஜிப்பா, கழுத்தில் மாலை, விரல்கள் கீபோர்டின் மேல் பறக்கின்றன, பெரிய வித்வான் வாசிக்கிற மாதிரி பாட்டு கொட்டுகிறது. எனக்குத் தெரியாதா? கீபோர்டில் டெமோ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் மிஷினே பாட்டை வாசிக்கும், மேலே குரங்கு உட்கார்ந்து கையை ஆட்டினாலும் வாசிக்கும். ஆனால் அடுத்த வாரம் என் வாசலில் வரிசையாக அம்மாக்கள். அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே, எங்கள் பிள்ளைக்கும் அதே மாதிரி வர வேண்டும் என்றார்கள். அது மிஷின் வாசித்தது, அவன் வாசிக்கவில்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். கடைசியாக ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அது எப்டியோ போவட்டும் மிஸ், எங்க புள்ளைக்கும் அந்தப் பட்டனையே மொதல்ல சொல்லிக் குடுத்துடுங்க."

பிளாஸ்டிக் உறை

திண்டிவனத்து வீடு, இரும்புக் கடைக்காரர் வீடு. அவர்கள் வீட்டில் சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறை, டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, சாப்பாட்டு மேஜை நாற்காலிக்கும் உறை. கீபோர்டு மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் கடையிலிருந்து வரும்போது போட்டிருந்த உறை அப்படியே இருந்தது. பையன் அதன் மேலேயே வாசிக்கிறான். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் கசக் கசக் என்று ஒரு சத்தம், முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பது போல. விரல் வியர்த்து வழுக்கி மி-யை அமுக்கப் போனவன் ஃபாவில் போய் விழுகிறான்.

முதல் நாளே உறையைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்தேன். அடுத்த சனிக்கிழமை போனால் மறுபடி மாட்டியிருக்கிறது, இந்த முறை நாலு பக்கமும் செல்லோடேப் வேறு. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சார், இது வாசிக்கிற சாமானா, பொணமா? எதுக்கு இப்படி மூடி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவே இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசுகிற மரியாதையோடு பதில் சொன்னார்:

"கவர எடுத்தா உள்ள தூசி பூந்துடும் மிஸ். நீங்க சொல்லிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருங்க, அவன் பெரியவன் ஆனதும் கவர எடுத்துக்கலாம்."

லா இறங்கிப் போச்சு

கயல் வளவனூர்ப் பெண். எட்டு வயது, இரட்டைப் பின்னல், பேச்சு குறைவு. அப்பா தணிகாசலம் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் பெண் கீபோர்டு வாசிக்கிறாள் என்று கேள்விப்பட்டு இவரும் ஒன்று வாங்கிப்போட்டு மகளை என்னிடம் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் கடை மூடி வீட்டுக்கு வந்து டிவி பார்க்கிற நேரமும் பிள்ளை பயிற்சி செய்கிற நேரமும் ஒன்று. டிவி சத்தத்தில் கீபோர்டு இடைஞ்சல். இயர்போன் மாட்டினால் காது கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் யோசித்துக் கண்டுபிடித்தார் ஒரு வழி: வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிடுவது. பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் ஊமைக் கட்டையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஏன் சார், சோத்த வாயில வெக்காம உப்பு பாக்க முடியுமா?" என்று கத்தினேன். "வெரலு பழகினா போதும்ல மேடம்? சத்தம் எப்ப வேணா வெச்சிக்கலாம்" என்றார் சிரித்துக்கொண்டே. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் திட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஐப்பசி மழை வந்தால் என் பியானோவுக்கு ஜலதோஷம் பிடிக்கும். அந்த ஈரத்தில் ஒருநாள் கயல் பாடிக்கொண்டே வாசித்தவள் நடுவில் நிறுத்தி, "மிஸ், லா எறங்கிப் போச்சு" என்றாள். பியானோவா தப்பு, உன் பாட்டு தப்பு என்று அதட்டினேன். அவள் மறுபடி பாடிக் காட்டினாள். சுருதி பார்க்கிற இசைக்கவையைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தால் இந்தச் சுண்டைக்காய் சொன்னதுதான் சரி. என் சொந்தப் பியானோ இறங்கியது எனக்குத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிகிறது! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படிடி கண்டுபிடிச்சே என்று கேட்டேன். கயல் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"வீட்ல சத்தம் வராதுல்ல மிஸ், அதனால ஒவ்வொரு கட்டைக்கும் நானே உள்ளுக்குள்ள பாடிக்குவேன்."

எதிர்வீட்டுக்காரர்

எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர். பிள்ளைகள் டோ டோ என்று கத்துவதால் தனக்கு ரத்தக்கொதிப்பு வருகிறது என்று என் வீட்டு ஓனரிடம் போய் என்னைக் காலி செய்யச் சொன்ன புண்ணியவான். தெருவில் என்னைப் பார்த்தால் தும்மல் வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு சாயங்காலம் கயல் கீழ் டோவிலிருந்து ஒவ்வொரு படியாக நிறுத்தி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தாள். ஸோ, லா, டி என்று வந்து மேல் டோவுக்கு வாயைத் திறக்கிறாள், வாசலில் தணிகாசலத்தின் பைக் ஹாரன். அந்த மனுஷன் இறங்கி உள்ளே வரமாட்டார், ஹாரனிலிருந்து கையையும் எடுக்கமாட்டார். பிள்ளை அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அரை மணி கழித்துக் கேட் தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர், வலது கையில் சாம்பார்ச் சோறு ஒட்டியிருக்கிறது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று இடுப்பில் முந்தானையைச் செருகினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணு கடைசியா ஒண்ண பாக்கி வெச்சிட்டுப் போய்டுச்சி, அத யாராவது பாடி முடிங்க, எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

கெடு

என் கிளாஸின் ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் தணிகாசலம் முதல் முறையாகப் பைக்கிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். வளவனூரிலேயே அபாகஸ் கிளாஸ் திறந்திருக்கிறார்கள், அதே நேரம், வீட்டுக்குப் பக்கம் என்றார். இந்தப் பிள்ளைக்குக் கடவுள் கொடுத்த காது சார், நூறு பிள்ளையில் ஒன்றுக்குக்கூட வராது, தயவுசெய்து நிறுத்தாதீர்கள் என்று, யாரிடமும் கெஞ்சாத நான், அந்த உரக்கடைக்காரரிடம் கெஞ்சினேன். விழாவில் வந்து பார்க்கிறேன், பிள்ளைக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று பெரிய மனசு பண்ணினார். போகும்போது வாசற்படியில் நின்று கேட்டது இது:

"டோ ரேன்னு கத்திக்கினு கெடந்தா எந்தப் பரிட்சைல மேடம் மார்க்கு போடுவான்?"

மண்டபத்தில் கரண்ட் போனது

விழா ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கீபோர்டுதான். பெற்றவர்கள் முன்வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் இருப்பவர்களுக்கு முதுகுகள்தான் தெரிந்தன. கெடார் தருண் ஏறினான். நான் கற்றுக்கொடுத்த நாலு வரியை வாசிப்பான் என்று பார்த்தால், பயல் நைசாக டெமோ பட்டனை அமுக்கிவிட்டான். பாட்டு கொட்டுகிறது, விரல்கள் பறக்கின்றன, கைதட்டல். பட்டென்று கரண்ட் போனது. பாட்டு நின்றது. கை நிற்கவில்லை! சத்தமே இல்லாத கட்டைகளின் மேல் அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே பறந்துகொண்டிருக்கிறான். அவன் அம்மா செல்போனை இறக்காமல், "நிறுத்தாதடா, நீ வாசி!" என்கிறார். அப்புறம் என்னிடம் வந்து மண்டபம் சரியில்லை என்று குறை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே கரண்ட் கோணல்.

ஜெனரேட்டர் போடுகிறவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். நன்றாக வாசிக்கிற பெரிய பிள்ளைகள்கூட மேடை ஏற மாட்டேன் என்றுவிட்டார்கள். கிழிஞ்சது போ, தணிகாசலம் ஒன்றையும் கேட்காமல் போகப் போகிறார், கயலும் போகப் போகிறாள் என்று அந்த ஜெனரேட்டர்காரரைத் தேடி வாசல் வரை ஓடினேன். திரும்பிப் பார்த்தால் கயல் மேடையில் இருக்கிறாள். யாரும் கூப்பிடவில்லை. தன் முறை வந்தது, ஏறிவிட்டாள். சத்தம் வராத கீபோர்டு அவளுக்கு என்ன புதுசா? விரலைக் கட்டையில் வைத்து, வாயைத் திறந்து பாட ஆரம்பித்தாள். உள்ளுக்குள் பாடிப் பாடி வைத்திருந்ததையெல்லாம் வெளியே பாடினாள். டோவும் மியும் ஸோவும் ஒவ்வொன்றாக எழுந்து அதது நிற்க வேண்டிய இடத்தில் நின்றது, ஒரு மயிரிழை பிசகவில்லை. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். கடைசி டோ வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

தணிகாசலம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன் சகபாவிகளே, சத்தியமாக நினைத்தேன். பக்கத்தில் நின்ற கயலின் விரல்கள் அவர் சட்டை நுனியில் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தன. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கரண்டு இல்ல, மிஷின்ல சத்தம் இல்ல, நீங்களும் பக்கத்துல இல்ல, தானா பாடுது பாருங்க மேடம்! எல்லாம் முழுசா வந்துடுச்சி, இனிமே கிளாஸு எதுக்கு? நாளைலேர்ந்து அபாகஸ்ல சேத்துடறேன், வீட்ல கெடக்கற மிஷினு வேற யாரு புள்ளைக்கினா ஆவும்னா சொல்லுங்க."

ஆக, ஒன்றுமே வராத தருண் ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருக்க, எல்லாம் வந்துவிட்ட கயலை வராமல் நிறுத்திவிட்ட தொழில் இது என்பதால், எதிர்வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இறங்காத சோறு இப்போது எனக்கும் இறங்குவதில்லை.